ஆலய வாசலில் யாருடைய விளம்பரம்?

ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம் முடிந்து, விபூதியும் பிரசாதமுமாக வெளியே வரும் அடியார்களில் காரில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வேலை காத்திருக்கும். முன் கண்ணாடித் துடைப்பானில் செருகியிருக்கும் துண்டுப் பிரசுரங்களை உருவி எடுப்பதே அந்த வேலை. பணம் அனுப்பும் நிலையம் ஒன்று, நகைக்கடை ஒன்று, வீட்டுக் கடன் எடுத்துத் தருபவர் ஒருவர், கொழும்புக்குக் கடல்வழிப் பொதி அனுப்புபவர் ஒருவர், 'ஏழு தலைமுறை அனுபவம்' உள்ள சாத்திரியார் ஒருவர் என்று நான்கைந்தாவது இருக்கும். மழை நாளென்றால் அவை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சிலர் அவற்றை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். பலர் நின்ற இடத்திலேயே நழுவ விடுகிறார்கள். காற்று அவற்றை அயல் வீட்டுப் பூஞ்செடிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அயலவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது நகைக்கடையின் குப்பையா, சாத்திரியாரின் குப்பையா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது கோயில் குப்பை.

ஒரு கடதாசித் துண்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். இந்த நாட்டுச் சட்டம் அதைச் சிறிய விடயமாகக் கருதவில்லை. சுத்தமான அயல்புறங்கள் தொடர்பாக 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, உள்ளூராட்சி மன்றம் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே இலவசப் பிரசுரம் விநியோகிப்பதற்குத் தன் அனுமதி வேண்டும் என்று விதிக்கலாம். தரும காரியத்துக்காகவும் சமயத்துக்காகவும் அரசியலுக்காகவும் கொடுக்கப்படும் பிரசுரங்களுக்கு அதில் விலக்கு உண்டு. தேர்த் திருவிழா அறிவித்தலை நாம் கொடுப்பது ஒன்று, அதே வீதியில் வியாபாரி தன் தாளைக் கொடுப்பது வேறொன்று என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. எம்மில் பலர் அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கோயில் வாசலில் கிடைக்கிறது என்பதாலேயே அதைக் கோயில் காரியமாக எடுத்துக்கொள்கிறோம். அயலவர் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம்.

விளம்பரம் என்றாலே வேண்டாததென்று எழுத நாம் இங்கு வரவில்லை. விம்பிள்டனிலும் ஹைகேற்றிலும் ஆலயங்கள் எழுந்த 1980களை நினைத்துப் பார்க்கலாம். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் வந்து இறங்கியவர்களுக்கு வாடகை அறை எங்கே என்று சொன்னது ஆலய அறிவித்தற் பலகை. தமிழ் பேசும் வைத்தியர் யார், மரக்கறிச் சாப்பாடு செய்து கொடுக்கும் அம்மா எந்த வீதியில் இருக்கிறார், பிள்ளைக்கு வீணை சொல்லிக் கொடுப்பவர் யார், ஊருக்குப் போகிறவர் எவர், அவருடைய பெட்டியில் ஒரு கிலோவுக்கு இடம் இருக்குமா என்பதையெல்லாம் அந்தப் பலகைதான் சொன்னது. அவையும் விளம்பரங்கள்தாம். காசு வாங்கிக்கொண்டும் வாங்காமலும் போட்ட விளம்பரங்கள். இன்று நன்றாக இருக்கும் பல குடும்பங்களின் முதல் படி அந்தச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அப்படியிருக்க, ஆலயச் சுவரில் வியாபாரமே கூடாது என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும்.

வேண்டாத விளம்பரம் எது என்பதுதான் கேள்வி. பிடிக்காதது எல்லாம் வேண்டாதது அல்ல. புடவைக் கடையின் மலிவு விற்பனை சிலருக்குச் சலிப்பைத் தரும், சிலருக்கு உதவும். அதில் அறம் சார்ந்த கேள்வி எதுவும் இல்லை. கேள்வி எழுவது வேறோர் இடத்தில். ஈஸ்ட்ஹாம் கடைவீதிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை நாம் ஒரு கண்ணால் பார்க்கிறோம். அதே தாள் ஆலய மண்டபத்தில் இருந்தால், அல்லது இந்த இதழின் பக்கத்தில் வந்தால், வேறு கண்ணால் பார்க்கிறோம். 'கோயில் பேப்பரில் பார்த்தேன்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு சிபாரிசு இருக்கிறது. விளம்பரம் தருபவர் கால் பக்கத்துக்குக் காசு கொடுக்கிறார். அவருக்குக் கிடைப்பதோ கால் பக்கத்தைவிடப் பெரியது. அடியார்கள் சுவாமியிடம் கொண்டுவந்த நம்பிக்கையில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. அதை விற்பதற்கு எமக்கு உரிமை உண்டா? அது எமது சொத்தா?

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக வருவது சாத்திரியார் விளம்பரத்தில்தான். பெயர்கள் மாறும், வாசகம் மாறாது. செய்வினை, சூனியம் எடுத்தல், பிரிந்த கணவன் மனைவியைச் சேர்த்தல், வியாபார நட்டம், சொற்கேளாப் பிள்ளை, விசாத் தடங்கல், 3 நாளில் பலன், 100 வீதம் உத்தரவாதம். கீழே ஒரு தொலைபேசி எண், மேலே ஓர் அம்மன் படம். அம்மனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இங்கே எம்மை மடக்குபவர்கள் உண்டு. 'ஆலயத்திலேயே கிரக சாந்தி செய்கிறீர்கள், சனிப் பெயர்ச்சிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறீர்கள், பொருத்தம் பார்க்காமல் உங்களில் எத்தனை பேர் கல்யாணம் செய்து வைத்தீர்கள்? சாத்திரியார் மட்டும் எப்படிப் பொய்யரானார்?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சாதகம் பார்ப்பதில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் எமது சபையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள்.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. சனிப் பெயர்ச்சியன்று ஆலயம் அடியாருக்குச் சொல்வது, விளக்கேற்று, வேண்டிக்கொள் என்பது மட்டுமே. அர்ச்சனைச் சீட்டின் விலை பலகையில் எழுதியிருக்கிறது. ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே விலை. இன்ன திகதிக்குள் பலன் வரும் என்று எந்தக் குருக்களும் எழுதிக் கொடுப்பதில்லை. பிரசுரம் சொல்வது அது அல்ல. உனக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், யாரென்று எனக்குத் தெரியும், வந்தால் சொல்கிறேன் என்கிறது. விலை தாளில் இல்லை. முதல் நாள் சிறிய தொகை. அடுத்த நாள், 'நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது' என்ற பேச்சு. அதன் பிறகு நகை.

பணம் போவதுகூட இரண்டாவது துன்பம்தான். அந்த 'யாரோ' எங்கிருந்து வருகிறார் என்று கவனித்தால் தெரியும். பெரும்பாலும் அவர் மாமியாராக இருப்பார், அல்லது மச்சாளாக, அண்ணியாக, ஒரே ஊரிலிருந்து வந்து அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதியாக இருப்பார். ஊரில் என்றால் ஒரு வீட்டோடு கோபித்தால் போய் இருக்க இன்னும் பத்து வீடு உண்டு. இங்கே ஒரு குடும்பத்துக்கு ஓடிவர இரண்டு மூன்று உறவுகள்தான். அந்த இரண்டில் ஒருவர்மீது சந்தேகத்தை விதைத்துவிட்டுப் போகிறவர் எடுத்துச் செல்வது காசை மட்டும் அல்ல. போன காசைத் திரும்ப உழைக்கலாம். ஒருமுறை 'நீ எனக்குச் செய்வினை செய்தாய்' என்று சொல்லிவிட்ட அண்ணியோடு அடுத்த பொங்கலுக்கு எப்படி ஒரே அடுப்படியில் நிற்பது?

இதை வாசிப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக இருப்பவர் அந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுக்கப்போவதில்லை. எடுப்பவர் வைத்தியசாலையின் கடிதத்துக்குக் காத்திருப்பவர், உள்துறை அமைச்சின் கடிதத்துக்குக் காத்திருப்பவர், மூன்று மாதமாகப் பேசாத மகனின் தாய். அவர் ஆலயத்துக்கு வந்ததற்குக் காரணமே அந்தத் துன்பம். வளர்ந்தவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கட்டும் என்று சந்தையில் சொல்லலாம். கண்கலங்கி வரிசையில் நிற்பவர் சந்தைக்கு வந்தவர் அல்லர்.

'விளம்பரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அடியில் ஒரு வரி சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் போதாதா? பல சமூக இதழ்களில் அந்த வரியைக் காண்கிறோம். கொடுத்ததை அச்சடித்தோம், எமக்கென்ன என்பது அதன் பொருள். இந்திய அரசு இதைப் பற்றி நெடுநாளுக்கு முன்பே யோசித்திருக்கிறது. மருந்துகள், மாந்திரீகப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நோயைத் தீர்க்கும் அற்புத சக்தி உண்டென்று சொல்லித் தாயத்தையும் மந்திரத்தையும் கவசத்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதில் ஒன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொரு சொல். விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது, அச்சிடுவதும் அப்படிப் பங்கெடுப்பதுதான் என்று விளக்கமும் தருகிறது.

பிரித்தானியாவில் ஆவியுலக மோசடிக்காரர்களுக்கென்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2008இல் அதை நீக்கி, நுகர்வோரை ஏமாற்றும் எல்லா வியாபாரங்களுக்கும் பொதுவான விதிகளைக் கொண்டு வந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த விதிகளின் இடத்தை 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் எடுத்துக்கொண்டது. 2008 விதிகளில் விளம்பரம் வெளியிடுபவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. தன் தொழிலின் வழமையான போக்கில் வாங்கி வெளியிட்டவர், அதில் குற்றம் இருக்கிறதென்று அறியாமலும் சந்தேகிக்கக் காரணம் இல்லாமலும் செய்திருந்தால் தப்பலாம். அதைத் திருப்பிப் படித்துப் பார்ப்போம். சந்தேகிக்கக் காரணம் இருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சூனியத்துக்கு 100 வீத உத்தரவாதம் என்ற வரியைப் படித்த பிறகும் சந்தேகிக்கக் காரணம் தெரியவில்லை என்று எந்த ஆசிரியர் குழு சொல்லும்?

விசா விளம்பரமும் இதே இனம்தான், ஆனால் இங்கே வழி கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி, தகுதி பெற்ற சட்டத்தரணி அல்லது அதற்கென்ற அமைப்பில் பதிவு செய்தவர் போன்றவர்களே குடிவரவு ஆலோசனை வழங்கலாம். அந்த அமைப்பு 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்ற பெயரில் இயங்குகிறது. பதிவு உண்டா இல்லையா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தை வாங்குபவர் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் செலவிட மாட்டேன் என்றால், அவருக்கு வேறு ஏதோ அவசரம் இருக்கிறது.

புலம்பெயர்ந்தவர்களின் பதற்றத்தை வியாபாரமாக்குவது எமது சமூகத்தில் மட்டும் நடப்பதும் அல்ல. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சட்டத்தரணித் தம்பதியர் இருவர், கிறீன் கார்ட் குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஒரு விளம்பரத்தைக் கணினி வலையில் இயங்கிய 5,000க்கும் மேற்பட்ட கலந்துரையாடற் குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். சமையல் பேசுகிறவர், சங்கீதம் பேசுகிறவர், கணிதம் பேசுகிறவர் என்று யாரையும் விடவில்லை. குலுக்கலில் கலந்துகொள்ள ஒரு சட்டத்தரணியும் தேவையில்லை, ஒரு தபாலே போதும். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தம்பதியர் வருந்தவில்லை. இப்படி விளம்பரம் செய்வது எப்படி என்று அடுத்து ஒரு புத்தகமே எழுதினார்கள். அவர்களுக்கு ஆன செலவு மிகச் சிறியது. அதைப் படித்து ஒதுக்கிய ஆயிரமாயிரம் பேருடைய நேரத்தைக் கூட்டினால் அது பெரியது. வேண்டாத விளம்பரத்தின் கணக்கு எப்போதும் இப்படித்தான். போடுபவருக்கு மலிவு, பொறுக்குபவருக்குச் செலவு. எமது வீதியில் திங்கட்கிழமை காலை குனிந்து பொறுக்கும் தொண்டர்களைக் கேட்டால் தெரியும்.

இனி, இதே சங்கடத்தில் நமக்கு முன்பே மாட்டிக்கொண்ட ஒரு பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1903இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியபோது அது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. கடல் கடந்து போன தமிழ்க் கூலிகளின் பிள்ளைகளும் குஜராத்தி வியாபாரிகளும் ஒரே பத்திரிகையைக் கையில் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபை 1889இலேயே 'இந்து சாதனம்' பத்திரிகையைத் தமிழிலும், 'ஹிந்து ஓர்கன்' என்று ஆங்கிலத்திலும் தொடங்கிவிட்டது என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லி வைக்கிறோம். இரு மொழி இதழ் நடத்தும் நாமெல்லாம் அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர்கள்.

'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை நட்டத்தில் ஓடியது. காந்தியடிகள் தம் வழக்கறிஞர் வருமானத்திலிருந்து ஒரு காலத்தில் மாதம் 75 பவுண் வரை அதற்குக் கொட்டியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விளம்பரமும் வந்துகொண்டிருந்தது. 1912இல் அதை முற்றாக நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதைத் தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகம் பற்றிய நூலில் அவர் சொல்லும்போது பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. எதை வாங்குவது, எதை விடுவது என்பதே ஓயாத தலைவலியாக இருந்தது என்கிறார். ஒரு விளம்பரம் ஆட்சேபிக்கத் தக்கது என்று தெரிந்தும், அதைத் தருபவர் சமூகத்தில் முக்கியமானவர், மறுத்தால் மனம் நோவார் என்பதற்காக ஏற்க வேண்டி வந்ததாம். நல்ல தொண்டர்கள் விளம்பரம் கேட்டும், நிலுவைக் காசு கேட்டும் அலைய வேண்டி வந்ததாம். போதாக்குறைக்கு விளம்பரதாரரைப் புகழ வேறு வேண்டும்.

ஆலய சபைகளில் பணியாற்றியவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். நூறு வருடத்துக்கு முன் டர்பனில் நடந்தது போலவா இருக்கிறது? சென்ற மாதக் கூட்டம் போல அல்லவா இருக்கிறது.

என்றாலும், காந்தியடிகளின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்வது எமக்குச் சரியாகப் படவில்லை. மாதம் 75 பவுண் தருவதற்கு அங்கே ஒரு வழக்கறிஞர் இருந்தார். எமக்கு இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் குடும்பத்தவர்கள். அச்சுக் கூலியும் தபாற் செலவும் ஏறிக்கொண்டே போகின்றன. அதைவிட முக்கியமானது, விளம்பரமே இல்லாத இதழில் பெரிய கடைக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்பது. அவருக்கு வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு. வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் அம்மாவுக்கு இந்த இதழ்தான் உண்டு. எல்லா விளம்பரத்தையும் நிறுத்தினால் தண்டனை அவருக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே காந்தியடிகளின் பத்திரிகையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விளம்பரத்தை நிறுத்தியதை அல்ல, அந்த 'முக்கியமானவர்' பற்றிய ஒப்புதலை.

ஏனெனில் அதுவே உண்மையான முடிச்சு. சாத்திரியாரை மறுப்பது எளிது. அவர் சபையில் இல்லை. கொடியேற்றத்துக்கும் அன்னதானத்துக்கும் கை நிறையத் தரும் பெரியவர் ஒருவர், தன் நிறுவனத்தின் பதாகையைத் தேர் முட்டியின் முன் கட்ட வேண்டும் என்றால் என்ன சொல்வது? பூசைக்கு முன் ஒலிபெருக்கியில் தன் கடையின் பெயரை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்றால்?

'கோயிலில் பெயர் எழுதுவது பழைய வழக்கந்தானே' என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தான் கொடுத்ததையும் தன் தமக்கை கொடுத்ததையும் தன் பெண்டிர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் புரட்டினால் நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தவர், 90 ஆடு கொடுத்தவர் என்று எத்தனை பெயர்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று அந்த ஆடுகளைச் சொல்வார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், விளக்குக்கு நெய் நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்தக் கல் ஒரு கணக்குப் புத்தகம். யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், யார் பொறுப்பெடுத்தார், நாள் ஒன்றுக்கு எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று அது சொல்கிறது. படிப்பவரிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. பெயருக்கு உரியவரையும், பொறுப்பெடுத்தவரையும், கோயிலையும் அது கட்டிப் போடுகிறது. விளம்பரம் கட்டிப் போட நினைப்பது வாசிப்பவரை.

உபயம் என்று எழுதுவதும் விளம்பரம் என்று எழுதுவதும் இரண்டு வேறு செயல்கள் என்று இதனால் நாம் நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ரியூப் லைற் ஒன்று தொங்குகிறது என்பதும் தெரியும். 'இன்னார் உபயம்' என்று பெயரைப் பெரிதாக எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிட்ட ரியூப் லைற்றைப் பற்றிய பகிடியை ஊரில் கேட்காதவர் இல்லை. பெயர் எழுதட்டும். ஒரு பலகையில், எல்லோருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில், கொடுத்தது என்ன என்ற விபரத்தோடு. தொலைபேசி எண் வேண்டாம். எண் வந்த கணத்தில் அது உபயமாக இருப்பதை விட்டுவிடுகிறது.

பதாகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2019 செப்டெம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஓர் அரசியற் பிரமுகரின் வீட்டுக் கல்யாணத்துக்காக அனுமதியின்றி வைத்த பதாகை ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மீது விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறி அவர் உயிரிழந்தார். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே டிராஃபிக் ராமசாமி என்ற முதியவர் தனியாக நின்று அத்தகைய பதாகைகளைக் கிழித்தும் வழக்குப் போட்டும் வந்தார். அடியும் வாங்கினார், கேலியும் வாங்கினார். 2021 மே மாதம் காலமானார். பொது இடத்தைத் தன்னுடைய வாழ்த்துக்குப் பயன்படுத்தியவர்கள் எவரும் கொலை செய்ய நினைக்கவில்லை. அந்த இடம் வேறு யாருக்கோவும் சொந்தம் என்பதை நினைக்கவில்லை, அவ்வளவுதான். பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநகரம் 2007இல் தெருவோர விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. அவ்வளவு தூரம் நாம் போகத் தேவையில்லை. தேர் வரும் வீதியில் அடியார்கள் பார்க்க வந்தது தேரை, என்ற அளவில் நின்றால் போதும்.

இவ்வளவும் பேசியபின் ஆசிரியர் குழுவில் நாம் உடன்பட்டவற்றைச் சொல்ல வேண்டும். விளம்பரங்கள் இந்த இதழின் கடைசிப் பக்கங்களில் மட்டும் வரும். விசேட தினங்கள், பூசை நேரங்கள் உள்ள பக்கத்தில் வராது. பரிகாரத்துக்கும் வசியத்துக்கும் உத்தரவாதம் தருபவர், பதிவில்லாத குடிவரவு ஆலோசகர், மாதாமாதம் வங்கி தராத வட்டியைத் தருவதாகச் சொல்பவர் ஆகிய மூவரிடமும் வாங்குவதில்லை. மூன்றாமவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. 1998இல் சென்னையில் அனுபவ் தேக்கு மரத் திட்டம் சரிந்தபோதும், 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை சரிந்தபோதும் காசைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் உறவினர்களிலேயே உண்டு. அந்தத் திட்டங்கள் இரண்டும் அழகான விளம்பரங்களோடுதான் வந்தன. அறை வாடகை, தமிழ் வகுப்பு, வீட்டுப் பலகாரம், தையல் போன்ற சிறு அறிவித்தல்களுக்குக் காசு வாங்கப்போவதில்லை.

துண்டுப் பிரசுரங்களுக்குப் பாதணி வைக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடலாம் என்பது எமது யோசனை. வியாபாரிகள் அங்கே வைக்கட்டும், வேண்டியவர் எடுக்கட்டும். மேசையில் வைக்க வருபவர் முதலில் அலுவலகத்தில் காட்ட வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் செருகுபவரிடம் தொண்டர்கள் மரியாதையாகப் பேசி மேசையைக் காட்டுவார்கள். இந்த வேலையைச் செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் மாணவர்கள், மணித்தியாலக் கூலிக்கு வருபவர்கள். அவர்கள்மீது கோபம் காட்டுவதால் ஒன்றும் ஆகாது, ஒரு தட்டு அன்னதானம் கொடுத்தால் இன்னும் நல்லது.

கைத்தொலைபேசிக் குழுக்களில் வரும் விளம்பரங்களைப் பற்றி முடிவெடுக்க முடியவில்லை. மரண அறிவித்தலுக்கும் பூசை நேர மாற்றத்துக்கும் என்று தொடங்கிய குழுவில் இன்று வீடு விற்பனையும் விமானச் சீட்டும் நாளுக்குப் பத்து வருகின்றன. ஒருவர் மறைந்த செய்திக்குக் கீழே உடனே ஒரு மலிவு விற்பனைப் படம் வந்து நிற்பதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் எமக்கு எழுதியிருக்கிறார்கள். மரண அறிவித்தலுக்கென்று எவரும் பதில் எழுத முடியாத தனிக் குழு ஒன்றை ஆரம்பிக்கலாம் என்பது ஒரு யோசனை. அனுதாபம் சொல்லவும் அங்கே வழியில்லாமல் போகும் என்பது அதற்கு மறுப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தேர் முட்டியின் முன் பதாகை கட்டும் விடயம் ஆசிரியர் குழுவின் கையில் இல்லை. அது பரிபாலன சபைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் உரியது. மேலே எழுதியது எமது பக்கத்துக் கருத்து. விளம்பரங்களைக் குறைப்பதால் இதழுக்கு விழும் துண்டை எப்படி நிரப்பலாம் என்பது பற்றியும், எந்த விளம்பரம் உங்களுக்கு உதவியது, எது உபத்திரவமாக இருந்தது என்பது பற்றியும் அடியார்கள் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பெயர் போட விருப்பமில்லாதவர்கள் போடத் தேவையில்லை. கடிதங்களை அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலுள்ள பெட்டியில், பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.